விடக் கூடாத துளி

சூளகிரி பக்கம் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு க்யூசி, அதாவது தரம் பார்க்கும் வேலை. ஷாஃப்டு என்கிற இரும்புத் தண்டுகளை அளந்து பார்க்க வேண்டும். சொன்ன அளவுக்கு ஒரு மயிரிழை கூடவோ குறையவோ இருந்தால் ஓகே என்று தட்டில் போட்டுவிடுவேன். அந்தப் பழக்கம்தான் கணக்கில் என்னைக் கவிழ்த்தது.

டிப்ளமோ முடித்தவர்களுக்கான பகுதி நேர பி.இ.யில் சேர்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, ஓசூரில். தொடக்கக் கணக்குத் தேர்வில் ஏற்கெனவே கோட்டைவிட்டாயிற்று. மறுபடியும் போனால் சீட்டே போய்விடும். அப்புறம் ஆயுசுக்கும் ஷாஃப்ட் அளக்கிற அந்த மேஜைதான்.

என்னைப் படுத்தியது டிஃபரன்ஸ் கோஷன்ட். ஒரு சார்புக்கு x-இல் ஒரு மதிப்பு, h தள்ளி x+h-இல் இன்னொரு மதிப்பு. இரண்டின் வித்தியாசத்தை h-ஆல் வகுக்க வேண்டும். h ரொம்பச் சின்னது என்றார்கள். சின்னதுதானே என்று எடுத்த எடுப்பிலேயே அதை விட்டுவிட்டேன். மேலேயும் பூஜ்யம், கீழேயும் பூஜ்யம்.

கணக்கு டீச்சர் பக்கத்துத் தளி ஊர்க்காரப் பெண், என்னைவிட வயதில் சின்னவர். என் தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"அக்கா, h எங்க போச்சு?"

"துளிதான மேடம். கம்பெனியில இதெல்லாம் விட்ருவோம்."

"விட்டா எதால வகுப்பீங்க? மொதல்ல விரிச்சு எழுதுங்க. மேல h வரும், அதை வெச்சு கீழ இருக்கறதை அடிங்க."

x²-ஐ எடுத்து, (x+h)²-ஐ விரித்து x²-ஐக் கழித்தேன். 2xh + h² மிஞ்சியது. ஒரு h-ஐ அடித்ததும் 2x + h.

"இப்பவாச்சும் விட்ரலாமா?"

"அடுத்த பாடத்துல, லிமிட் வரும்போது விடலாம்க்கா. இந்தப் பாடத்துல கூடாது."

எனக்குத் தலை சுற்றியது. முதலில் விட்டால் தப்பு, அடுத்த பாடத்தில் விட்டால் சரி, நடுவில் தொடவே கூடாது. அது இருக்கிறதா, இல்லையா? அந்த எரிச்சலிலேயே பஸ்ஸில் என் நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

தேர்வில் x² - 3x வந்தது. விரித்தேன், கழித்தேன், அடித்தேன். 2x + h - 3 என்று நின்றது. அந்த h-ஐ விட்டுவிடக் கை பரபரத்தது. பயந்துபோய்ப் பேனாவை மூடி வைத்தேன்.

தேறிவிட்டேன். "புரிஞ்சிடுச்சில்லக்கா!" என்று டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சும்மா தலையாட்டி வைத்தேன்.

மறுநாள் மேஜையில் ஒரு ஷாஃப்ட், துளி கூடுதல். ஓகே போடக்கூடியதுதான். ஆனால், அது எந்தப் பாடத்துத் துளி என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.