மாதா கடற்கரையிலிருந்து ரெண்டு சாக்குப் பாசி

என் கார் டிக்கியைத் திறந்தால் இன்னும் கடல் வாடைதான் அடிக்கிறது. ஷாம்பூ போட்டாயிற்று, எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தாயிற்று... ம்ஹூம்!

காரணம், என் தங்கை வீட்டுக்காரர் ஆரோக்கியசாமி. வரதராஜன்பேட்டைக்காரர். போன மாதம் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போயிருந்தோம். எல்லோரும் மாதா எண்ணெயும் பொரியும் வாங்கிக்கொண்டு திரும்பினால், மாப்பிள்ளை மட்டும் கரையில் ஒதுங்கிக் கிடந்த கடற்பாசியை ரெண்டு சாக்கில் அள்ளிக்கொண்டு வருகிறார்.

வழியெல்லாம் எனக்குப் பாடம். இதிலிருந்து எடுக்கிற ஜெல்லிதான் ஐஸ்கிரீமைக் கெட்டியாக்குகிறதாம், பற்பசையிலும் சேர்கிறதாம். ஊறவைத்து வடித்த சாறு செடிக்கு டானிக்காம். எல்லாம் வீடியோ உபயம். தப்பும் இல்லை — உரக்கடையில் பாட்டிலில் அடைத்து விற்பதும் இந்தச் சாறுதானே? குப்பையென்று தாண்டிப் போவதில் இவ்வளவு சரக்கா என்று நானே பாதி மயங்கிவிட்டேன்.

போன வாரம் தங்கை பிலோமினா போன் செய்தாள். விலைக்கு நாற்று வாங்குவதில்லை என்ற வைராக்கியத்தில், இந்த வருஷம் அவளே விதை போட்டு வளர்த்த மிளகாய் நாற்றங்கால்.

"மேல்பாத்தி பூரா கருகிப்போச்சுண்ணே. ஒங்க மாப்ளையக் கேளுங்க."

ஓடிப்போய்ப் பார்த்தேன். இலையெல்லாம் ஓரம் கருகிச் சுருண்டு கிடந்தது. பாசிச் சாற்றைக் கீழ்பாத்திக்கும் ஊற்றப் போனவர் கையிலிருந்து அவள்தான் வாளியைப் பிடுங்கியிருக்கிறாள். அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். 'உப்பு போக நல்ல தண்ணீரில் அலசுங்கள்' என்று தொண்டை வறளச் சொல்கிறார் அந்த மனிதர்! ஏன் அலசவில்லை என்று மாப்பிள்ளையைக் கேட்டேன்.

"மாதா கடல்ல கெடந்ததுங்க மச்சான். அதப் போயி போர் தண்ணில கழுவி சாக்கடைல வுடச் சொல்றீங்களா?"

எங்கள் பக்கம் மாதா எண்ணெய் தீர்ந்த பாட்டிலைக்கூடக் குப்பையில் போட மாட்டார்கள். பக்தி சரி... நாற்றுக்கு அது தெரியுமா?

இங்கே டீக்கடையில் ஒரு சொலவடை உண்டு: முழுசாய்க் கேட்காதவன் முந்திரிக்கொட்டையைத் தோலோடு கடித்தானாம். வாய் வெந்த பிறகுதான் மிச்சத்தைக் கேட்பான். நாமும் அப்படித்தானே? நல்ல விஷயத்தில் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு ஓடுவோம். மீதியை நம் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வோம். காரியம் கெட்டதும், 'கடற்பாசியெல்லாம் சும்மாங்க' என்று ஊர்பூராவும் சொல்லித் திரிவோம்.

மாப்பிள்ளையும் அதையேதான் சொன்னார். மாடியில் காய்ந்துகொண்டிருந்த இன்னொரு சாக்கைத் திரும்பக் கொண்டுபோய்க் கடலிலேயே விட்டுவிடலாமாம். யார் காரில்?

பிலோமினா மாடியேறிப் போனாள். அந்தச் சாக்கை இழுத்து வந்து குழாயடியில் கொட்டினாள். அலசிய தண்ணீரில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்; கரித்தது. மறுபடி அலசினாள். கரிப்பு போகிற வரைக்கும் விடவில்லை. அந்தத் தண்ணீரும் சாக்கடைக்குப் போகாமல், உப்பைத் தாங்கும் தென்னைக்குப் போக, மண்வெட்டியால் ஒரு வாய்க்கால் இழுத்துவிட்டாள். மிச்சமிருப்பது கீழ்பாத்தி மட்டும்தான். இந்தமுறை தப்பு நடக்கக் கூடாது.

"மாதா கோவிச்சுக்கப் போறாங்க" என்று முனகினார் மாப்பிள்ளை.

அவள் நிமிரக்கூட இல்லை.

"அவங்களும் குடும்பம் நடத்துனவங்கதான். கீரையக் கழுவாமயா சமைச்சிருப்பாங்க?"