கிரகத்தில் இருந்தவர்கள்

எங்கள் குவார்ட்டர்ஸுக்கு டிவி வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. ஞாயிறு காலையில் ஓர் ஆங்கில விண்வெளித் தொடர் போடுவார்கள். ஒரு கப்பல், வாரத்துக்கு ஒரு புதுக் கிரகம். காற்றில் ஆன்டெனா திரும்பிக்கொண்டால் நான் மொட்டைமாடிக்கு ஓடிப்போய்க் கம்பத்தைத் திருகுவேன். கீழேயிருந்து அப்பா, "இன்னும் கொஞ்சம்! போதும், போதும்!" என்று கத்துவார். அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நிலக்கரி மைன்ஸில், நிலம் அளக்கும் சர்வே பிரிவில் வேலை.

எங்கள் பிளாக்குக்குப் பால் ஊற்றிய அக்கா, மைன்ஸை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து வருவார். ஞாயிறன்று கடைசி வீடு எங்களுடையது. காலி கேனை வாசலில் வைத்துவிட்டு வந்து தரையில் உட்காருவார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, நான்தான் கதை சொல்ல வேண்டும். எனக்கும் பாதிதான் புரியும். மீதியை நானாக இட்டுக்கட்டுவேன்.

கப்பலிலிருந்து ஆட்கள் இறங்கியதும் நான் டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்துவிடுவேன். மனதளவில் நானும் அவர்களில் ஒருத்தி. அக்கா அவர்களைப் பார்க்கவே மாட்டார். பின்னால் கூட்டமாக நிற்கும் அந்தக் கிரகத்து ஜனங்களைத்தான் பார்ப்பார்.

"எதுக்கு பாப்பா மண்ண அளந்துகினு இருக்காங்க?"

"அடியில என்ன இருக்குன்னு பாக்குறாங்க அக்கா."

"யாரு கூப்ட்டு வந்தாங்க இவங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. "எங்க ஊர்ல மிஷின் சத்தம் முன்னல்லாம் காத்தடிச்சாதான் கேக்கும். இப்ப சும்மாவே கேக்குது" என்றார். பின்னால் நாற்காலியில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெகு நேரமாக ஒரே பக்கம்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு ஞாயிறு. அன்றைய கதையில், ஒரு கிரகம் அழியப்போகிறது, எல்லோரும் கிளம்புங்கள் என்று கப்பல்காரர்கள் சொல்கிறார்கள். ஜனங்கள் மறுக்கிறார்கள்.

"வூட்ட வுட்டு எங்க போவாங்களாம்?"

"வேற கிரகம் குடுப்பாங்க அக்கா."

"அங்க தண்ணி இருக்குமா?"

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போனார். செருப்புப் போடாமல் போனது எனக்கு விசித்திரமாக இருந்தது. அன்று மத்தியானம் சமையலறையில் அம்மாவிடம் அவர் தாழ்ந்த குரலில் பேசியது என் காதில் விழுந்தது. "அந்த ஊரும் மைன்ஸுக்கு எடுக்க லிஸ்ட்ல வந்துட்டு. அவகிட்ட ஒண்ணும் சொல்லிராத." அம்மா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்து வந்த மூன்று ஞாயிறுகளிலும் அக்காவுக்கு நான் வழக்கம்போலக் கதை சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்ப்பதை மட்டும் தவிர்த்தேன்.

பிறகு இரண்டு நாள் பால் வரவில்லை. அம்மா பார்த்துவரச் சொல்ல, சைக்கிளில் போனேன். ஊரில் சண்டையோ அழுகையோ இல்லை. எல்லோரும் வெறுமனே வெளியே நின்றிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சிவப்பு பெயிண்டில் ஓர் எண். அக்கா வீட்டுக்கு நாற்பத்தேழு. அந்த ஏழின் நடுவில் குறுக்காக ஒரு கோடு. எங்கள் வீட்டில் அப்படி ஏழு போடுகிறவர் அப்பா ஒருவர்தான்.

"ஒங்கப்பாதான் வந்தாரு" என்றார் அக்கா. "வெயில்ல நிக்கிறாரேன்னு மோர் குடுத்தேன். குடிச்சிட்டுதான் எழுதினாரு." பிறகு கேட்டார்: "ஒனக்கு முன்னாடியே தெரியுமா பாப்பா?"

"தெரியாது அக்கா" என்றேன்.

அவர் நம்பியதுபோலத் தலையாட்டினார். ஒரு சொம்புப் பாலைக் கொடுத்து அனுப்பினார். அதன் பிறகு எங்கள் பிளாக்குக்கு அவர் வரவில்லை. மாட்டை விற்றுவிட்டு முத்தாண்டிக்குப்பம் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனதாகவும், அவர் புருஷனுக்கு மைன்ஸிலேயே கான்ட்ராக்ட் வேலை கிடைத்ததாகவும் கேள்விப்பட்டோம்.

தொடரை நான் விடவில்லை. இன்றுவரை விடவில்லை. பழைய கதைகளையெல்லாம் தேடிப்பிடித்து எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். ஆனால் கப்பல் இறங்கும் இடம் வந்தால் கண் தானாகப் பின்னால் நிற்கிறவர்களிடம் போய்விடுகிறது. அவர்கள் பெயரைக் கதையில் யாரும் கேட்பதில்லை.

அப்பாவிடம் இதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். நான் கல்லூரிக்குப் போன வருஷம், சுரங்கத்தைக் காட்ட ஜீப்பில் அழைத்துப்போனார். விளிம்பில் நின்று பார்த்தேன். கீழே கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பாக, படிபடியாக இறங்கிக்கொண்டே போனது. மண்ணை வெட்டும் ராட்சதச் சக்கரம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

"அக்கா வீடு எங்கப்பா இருந்தது?"

"அளக்கது மட்டுந்தான் என் சோலி. எங்க தோண்டணும்னு சொல்லுதது மேல உள்ளவங்க" என்றார்.

"அதக் கேக்கலப்பா. எங்க இருந்ததுன்னுதான் கேட்டேன்."

அப்பா கையை நீட்டினார். வெறும் காற்றில், சக்கரத்துக்கு மேலே வெகு உயரத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். பிறகு கையைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினார். மறுபடி வலப்பக்கம். கடைசியில் கையை இறக்கிவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.