ரோஸி அக்கா முதலில் உட்காரவைத்தது என்னை அல்ல

பார்லர் ரோஸி அக்கா இறந்துவிட்டாராம்... காலையில்தான் தெரிந்தது. கே.கே. நகரில் பார்லர் வைத்திருந்தாரே, அவர்தான்.

எனக்கு அப்போது எட்டாம் வகுப்பு. அலங்காநல்லூர் வீட்டில் எனக்குச் சடங்கு. மேக்கப்புக்கும் பூ ஜடைக்கும் அவரைத்தான் சொல்லியிருந்தார்கள்.

ஒரே சிக்கல்... என் அக்கா பத்தாம் வகுப்பு, அவள் இன்னும் வயதுக்கு வரவில்லை. வந்தவர்களெல்லாம் "மூத்தவளுக்கு இன்னும் ஆகலையா?" என்று அவள் காதுபடவே கேட்டார்கள். அவள் ரூமை விட்டே வெளியே வரவில்லை.

ரோஸி அக்கா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். மேக்கப் போடும்போது ஒருத்தரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது அவர் சட்டம். ரூமுக்குள் வந்து கதவைச் சாத்தினார். வளர்ந்த பெண்ணாகப் பார்த்து அக்காவை ஸ்டூலில் உட்காரவைத்துத் தலை பின்ன ஆரம்பித்துவிட்டார்!

நான் நைட்டியோடு கட்டிலில் இருந்தேன். "ஏ குட்டி, நீ வெளிய போய் வெளையாடு" என்றார். "இல்லக்கா, பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

அக்கா எப்போது வாயைத் திறப்பாள் என்று பார்க்க எனக்கு அவ்வளவு ஆவல். அவள் திறக்கவே இல்லை...

பாதி ஜடையில் அம்மா வந்துவிட்டாள். "ஐயையோ, இவ இல்லங்க! சின்னவளுக்குத்தான் சடங்கு!"

அக்கா அழுதுகொண்டே பூவைப் பிய்க்கப் போனாள். ரோஸி அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உக்காரு. ஆரம்பிச்சத முடிச்சுட்டுத்தான் அடுத்தாளு."

"இம்புட்டுப் பூதான இருக்கு, ரெண்டு பேருக்கும் எப்படிப் பத்தும்?" என்றாள் அம்மா.

"அது என் பாடு."

என் ஜடையில் பாதிக்கு மேல் வெறும் ரிப்பன்தான். நாங்கள் இரண்டு பேரும் ஹாலுக்கு வந்ததும் ஒரு அத்தை, "இதுல யாருக்குச் சடங்கு?" என்று இழுத்தார். "மாமன் யாருக்கு மாலை போடுறாரோ அவளுக்கு. நகருங்க, போட்டோவ மறைக்கிறீங்க" என்றார் ரோஸி அக்கா. அத்தை நகர்ந்துகொண்டார்.

காலேஜ் நாட்களில் ஐப்ரோ செய்யப் போகும்போதெல்லாம் கேட்பேன், "நெசமாவே ஆள் மாறிப்போச்சாக்கா?" நூலைப் பல்லில் கடித்தபடி "ம்ம்" என்பார். அது ஆமாவா, சும்மா இருடி என்பதா... கடைசிவரை தெரியவில்லை.

இன்று அக்காவுக்கு போன் செய்து சொன்னேன். அப்புறம் இத்தனை வருடமாக அவளிடம் கேட்காததைக் கேட்டேன். அன்றைக்கு ஏன் சும்மா இருந்தாய்?

"சொல்லத்தான் வாயெடுத்தேன்டி. அதுக்குள்ள அவங்க என் காதுகிட்ட குனிஞ்சு, 'ஏத்தா, பெரிய மனுஷி ஆயிட்டேல்ல, தலைய நிமித்து'ன்னாங்க. அத ஒருத்தர் சொல்லிக் கேக்க எனக்கு அம்புட்டு ஆசையா இருந்துச்சு."

சாயங்காலம் அடக்கம். நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம், ரோஸி அக்கா...