ஊர் பார்க்கப் போகிற வண்டிக்குத் திரை

ஊர் சுற்றிப் பார்க்கப் போகிற வண்டியின் ஜன்னல்களுக்கு யாராவது திரை போடுவார்களா? எங்கள் வீட்டில் போட்டார்கள். அதை நினைத்தால் இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவள் இதையெல்லாம் எழுத உட்காரக் கூடாது என்று மகன் சொல்கிறான். அவனுக்கென்ன, ஜன்னலோரத்தில் உட்கார்ந்தே வளர்ந்தவன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. மட்டாஞ்சேரியில் கடைக்கு மேலேயே எங்கள் வீடு. கீழே சுக்கும் மிளகும், மேலே நாங்கள். அத்தாவும் (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) அவருடைய அண்ணனும், அதாவது என் பெரியத்தாவும், கூட்டாகக் கமிஷன் வியாபாரம் செய்தார்கள். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. பெரியத்தா ஒன்று சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அந்த வருஷம் மிளகு நல்ல விலைக்குப் போயிருந்தது. நோன்புப் பெருநாள் கழிந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து சாப்பிட்ட கையோடு, பெரியத்தா அறிவித்தார். பள்ளிக்கூடம் பூட்டியதும் ஒரு வேன் பிடித்துக் குடும்பத்தோடு கிளம்பி, தேக்கடிக் காடு, மதுரை நாயக்கர் மகால், திண்டுக்கல் மலைக்கோட்டை, ஆனைமலைக் காடு, கடைசியாகப் பாலக்காட்டுக் கோட்டை, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மழை பிடிப்பதற்குள் திரும்ப வேண்டும் என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அதுவரை நான் பார்த்த உலகம் கிழக்கே திருப்பூணித்துறையிலும் வடக்கே இடப்பள்ளியிலும் முடிந்துபோயிருந்தது. இரண்டு இடத்துக்கும் போனது கல்யாண வீட்டுக்கு. பிரியாணி தின்றதுதான் ஞாபகம் இருக்கிறதே தவிர ஊர் ஞாபகம் இல்லை. அம்மா என்னைவிடக் கொஞ்சம் அதிகம் பயணம் செய்தவள். பாலக்காட்டில் பிறந்து, கல்யாணமாகி ரயிலில் வந்தவள். ஆனால் தலையோடு போர்த்திய துப்பட்டிக்குள்ளிருந்து அவள் பார்த்ததென்னவோ எதிர்ச் சீட்டில் இருந்தவர்களின் கால்களைத்தான். அதை அவளே சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கு மகாலும் வேண்டாம், கோட்டையும் வேண்டாம். தேக்கடி ஏரியில் காட்டு யானைகள் கூட்டமாகத் தண்ணீர் குடிக்க வரும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தாள். சங்கிலி போடாத யானையை ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முன்னறையில் கூட்டம் நடந்தது. ஆண்கள் சாயாவும் பழம்பொரியுமாக உட்கார்ந்து திட்டம் போடுவார்கள். பெண்களுக்கு அங்கே இடமில்லை. எனக்கு மட்டும் இருந்தது, ஏனென்றால் என்னிடம் பள்ளிக்கூடத்து அட்லஸ் இருந்தது, அதைப் பார்த்து வழி சொல்லவும் தெரிந்தது. இன்னொரு காரணமும் உண்டு. அம்மா என்னை உட்கார்த்தி வைத்துத் தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொடுத்திருந்தாள். பெரியத்தாவின் பையன்கள் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், தமிழில் தங்கள் பேரைக்கூட எழுதத் தெரியாது. தோப்பும்படிக்காரரான டிரைவர் சேட்டனுக்கும் தமிழ் படிக்க வராது. எல்லையில் குமுளி தாண்டிவிட்டால் மைல்கல்லும் வழிப்பலகையும் தமிழ்தான். அத்தாவும் பெரியத்தாவும் படிப்பார்கள், ஆனால் வண்டி நகர்ந்த மறுநிமிஷம் குறட்டை விடுகிறவர்கள். அதனால் முன் சீட்டில், டிரைவருக்கும் பெரியத்தாவின் பத்து வயதுப் பையனுக்கும் அடுத்து, ஜன்னலோரத்தில் நான் உட்கார வேண்டும் என்று முடிவாயிற்று. முடிவு செய்தது பெரியத்தாவேதான். இதை நான் அடிக்கோடிட்டுச் சொல்கிறேன்.

திட்டம் போட்ட லட்சணத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்கு வழி நெடுகச் சொந்தம். காஞ்சிரப்பள்ளியில் உண்டு, கம்பத்தில் உண்டு, உத்தமபாளையத்தில் உண்டு, பழனியில் பெரியம்மாவின் தங்கை, உடுமலையில் ஒரு பெரிய கூட்டமே உண்டு. ஒரு ஊர் வழியாகப் போய்விட்டு அங்கே இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் கை நனைக்காமல் வந்தால் அடுத்த கல்யாணத்துக்கு அவர்கள் வர மாட்டார்கள். வந்தாலும் சாப்பிட மாட்டார்கள். எனவே வாரா வாரம் ஒரு மகாலோ கோட்டையோ அடிபட்டு, அந்த இடத்தில் ஒரு மதியச் சாப்பாடு ஏறியது. திண்டுக்கல் கோட்டை முதலில் போனது. ஆனைமலை பாதி போனது. நாயக்கர் மகாலை வண்டியில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நான் அட்லஸில் பென்சிலால் போட்ட கோட்டை அழித்து அழித்து அந்தப் பக்கமே கிழிகிற மாதிரி ஆகிவிட்டது. தேக்கடியை மட்டும் நான் விடவில்லை. காட்டுக்குள் நமக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இல்லையே என்றேன். பெரியத்தா சிரித்துவிட்டார், தேக்கடி பிழைத்தது.

கூட்டம் முடிந்ததும் சமையலறைக்கு ஓடிப்போய் அம்மாவிடமும் பெரியம்மாவிடமும் ஒப்பிப்பேன். அவர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அதையும் நான்தான் முன்னறைக்குக் கொண்டுபோவேன். கணவனின் அண்ணனோடு தம்பி மனைவி நேருக்கு நேர் பேசுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல் அம்மா பெரியத்தாவிடம் ஒரு வார்த்தை நேரே பேசியதில்லை. எல்லாம் என் வாய் வழியாகத்தான் போகும், வரும். வழியில் சமைக்க எவ்வளவு அரிசி வேண்டும், எந்த அண்டாவை ஏற்றுவது, இதெல்லாம் அப்படித்தான் பேசி முடிந்தது. வெளியில் பெரியத்தா சாப்பிட மாட்டார். ஆகவே சொந்தக்காரர் இல்லாத இடங்களில் பெண்கள் இறங்கி, கல் கூட்டி, அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள். அப்போது மட்டும் அவர்கள் இறங்கலாம்.

பிறகுதான் திரை வந்தது. ஒரு நாள் அத்தா கரும்பச்சைத் துணி ஒரு பீஸ் வாங்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்தார், வேனின் ஜன்னல்களுக்கும் முன் சீட்டுக்குப் பின்னாலும் தைத்துவிடு என்று. கார் வைத்திருந்த எங்கள் சொந்தக்காரர் வீடுகளில் அது வழக்கம்தான், நான் மறுக்கவில்லை. கல்யாண வீட்டுக்குப் போகிற காருக்குப் போடட்டும், ஆஸ்பத்திரிக்குப் போகிற காருக்கும் போடட்டும். ஆனால் பார்ப்பதற்கென்றே கிளம்புகிற வண்டிக்குமா? யார் பார்த்துவிடப் போகிறார்கள், தேக்கடி யானையா? பதின்மூன்று வயதில் நான் இதையே அத்தாவிடம் கேட்டேன். போய்ப் பாடம் படி என்றார். பள்ளிக்கூடம் பூட்டியாகிவிட்டது என்றேன்.

அம்மா தைத்தாள். அளவு சரியா என்று பார்க்க வேனை ஒரு மத்தியானம் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். கம்பியில் வளையம் கோத்துத் திரையை இழுத்துவிட்டு, அம்மாவும் பெரியம்மாவும் உள்ளே ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். நான் முன் சீட்டில் என் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதிரே தெரு முழுக்கத் தெரிந்தது, சாக்கு ஏற்றிய கைவண்டிகள், ஆட்டுக்குட்டி, சைக்கிளை மிதித்துக்கொண்டு போன தபால்காரர். பின்னால் திரும்பினால் பச்சைத் துணி. உள்ளே ஏதாவது தெரிகிறதா என்று துணிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"ஒண்ணுந் தெரியல்ல. அது சாரமில்ல, நீ முன்னால இருக்கியல்லோ. நீ பாத்துச் சொன்னா மதி எனக்கு."

சாரமில்ல என்றால் எங்கள் தமிழில் பரவாயில்லை, மதி என்றால் போதும். மகள் கண்ணால் பார்த்து வாயால் சொன்னால் போதும் என்று ஒரு மனுஷி திருப்திப்பட்டுக்கொண்டாள். அதிலும் மண் விழும் என்று அப்போது தெரியாது.

கிளம்புவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது நான் பெரியவளானேன். நானா கேட்டேன்? உள்ளறையில் உட்கார்த்தி வைத்து, நல்லெண்ணெயும் முட்டையும் ஊட்டி, யாரையும் பார்க்காதே என்றார்கள். அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு நான் போகவில்லை, என் அட்லஸ் போனது. நான் கதவிடுக்கில் காதை வைத்துக் கேட்டேன். முன் சீட்டு ஜன்னலோரம் பையனுக்கு என்று பெரியத்தா சொன்னார். அப்படியானால் வழி யார் சொல்வது என்று அத்தா கேட்டார். கேட்டது அது மட்டும்தான், என் அத்தா.

"அவ இனி உள்ள இருக்கட்டும். மேப்ப மடியில வச்சுக்கிட்டு அங்க இருந்தே வழி சொல்லட்டும்."

சிரிக்காமல் சொன்னார். திரை போட்ட இருட்டில் உட்கார்ந்து நான் மேப்பைப் பார்த்து, வெளியே என்ன மைல்கல் வந்தது என்று தெரியாமல், வழி சொல்ல வேண்டுமாம். அங்கே இருந்த ஆண்களில் ஒருவருக்கும் இது பைத்தியக்காரத்தனம் என்று படவில்லை. கடையில் ஒரு மூட்டை மிளகை வாங்குவதற்கு முன் கையை விட்டுத் துழாவி, ஈரம் பார்த்து, பல்லால் கடித்துப் பார்க்கிற மூளையெல்லாம் வீட்டுப் படி ஏறியதும் எங்கே போகுமோ தெரியவில்லை.

அம்மா என் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளுக்கும் கேட்டது. எப்போதும் போல என்னிடம் சொல்லி அனுப்ப வாயெடுத்தாள், நான் வெளியே போக முடியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. பிறகு சேலைத் தலைப்பைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொண்டு, கதவைத் திறந்து, முன்னறை வாசலில் போய் நின்றாள். சாயா கிளாஸ்கள் வைக்கிற சத்தம் கேட்டது.

"அவளையும் உள்ள இருத்தினா எங்களுக்குப் பாத்துச் சொல்ல ஆரு இருக்கா?" என்றாள் அம்மா. குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "எனக்கு இந்தத் திரை பழகிப்போச்சு. அவ முன்னால இருப்பான்னா நாங்க வாறோம். இல்லேன்னா நானும் வரல்ல, என் மகளும் வரல்ல."

பெரியத்தா அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அத்தாவைப் பார்த்துச் சொன்னார்:

"ஓம் பொண்டாட்டிகிட்டச் சொல்லு, ஆரும் போகவேண்டாம்."

மூன்றடி தள்ளி நிற்கிற மனுஷியிடம் சொல்லச் சொன்னார். என் அத்தா அதைச் சொல்லவும் செய்தார், அண்ணன் சொன்னது கேட்டதா என்று. கேட்டது என்று அம்மா உள்ளே வந்துவிட்டாள். வந்து என் தலையை அவள் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் அழுதேன், அவள் அழவில்லை.

மறுநாளே வேனுக்கு ஆள் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறாதது. பயணத்தை நிறுத்தியவர் பெரியத்தா. ஒரு குழந்தையைப் பழைய இடத்தில் உட்கார விடுவதைவிட, இரண்டு குடும்பத்தையும் வீட்டில் உட்கார வைப்பது மேல் என்று நினைத்தவர் அவர். ஆனால் பழி முழுக்க அம்மா தலையில். பெரியம்மாவுக்குத் தங்கையைப் பார்க்க முடியாமல் போன கோபம். அதே திரைக்குள் உட்கார்ந்து பார்த்தவள்தான் அவளும். பல நாள் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பையன்கள் தேக்கடி தேக்கடி என்று அம்மா காதுபடவே முணுமுணுத்தார்கள். உடுமலையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள்கூட, இவள்தானே அது என்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா எல்லோருக்கும் சோறு போட்டாள்.

வருஷங்கள் ஓடின. அறுபதுகள் முடிவதற்குள் பெரியத்தா சொந்தமாக ஒரு அம்பாசிடர் வாங்கினார். அதற்குத் திரை போடவில்லை. ஏன் என்று கேட்டதற்குத் துணி அழுக்கு பிடிக்கும் என்றார். பெண்களைப் பற்றி அவர் மனசு மாறியதா, காலம் மாறியதா, அல்லது நிஜமாகவே அழுக்குதானா, எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, திரை என்று ஒன்று இருந்ததே இல்லை என்பதுபோல. அந்த அம்பாசிடரில் பெரியத்தா குடும்பம் தேக்கடிக்குப் போய்வந்தது. எங்களுக்கு வண்டியில் இடமில்லை. ஏரிக்கரையில் யானைக் கூட்டம் வந்ததாம், குட்டிகளும் இருந்தனவாம். பெரியம்மா கையை விரித்துக் காட்டிக் காட்டிச் சொன்னாள். கல்யாணமாகி முதல் பிரசவத்துக்கு வந்திருந்த நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்கள் அந்தப் பக்கம் போன பிறகு அத்தா பெருமூச்சு விட்டார். அம்மா கீழே உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நீ வாயப் பூட்டிக்கிட்டு இருந்திருந்தா நம்ம எல்லாரும் பாத்திருக்கலாம்" என்றார்.

அம்மா நிமிரவில்லை.

"நீங்க பாத்திருப்பீங்க" என்றாள்.