அக்காவுக்கு நான் வாங்கிக் கொடுத்த தைராய்டு மாத்திரை

இரண்டு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. கோவை சரவணம்பட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா, அம்மா இருவரும் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள். அக்காவை வெள்ளகோவிலில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாமா லாரி ஓட்டுகிறார். அக்கா ஒரு விசைத்தறிக் கூடத்தில் தறி ஓட்டுகிறாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காகிதம் வந்தாலும் யாரும் பிரிக்க மாட்டார்கள். பேங்க் கடிதம், பஞ்சாயத்து நோட்டீஸ், மிக்ஸியோடு வந்த வாரண்டி அட்டை, எல்லாம் டிவிக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்கள். நான் ஊருக்குப் போய்ப் படித்துப் பார்த்து, இது இன்னது என்று சொல்ல வேண்டும். சொன்னால் அதுதான் முடிவு, மறுபேச்சு கிடையாது. அந்தப் பெருமை எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கம்பெனியில் வீட்டில் ஒருவருக்கு முழு உடல் பரிசோதனை இலவசமாகச் செய்து தருவார்கள். ஊசி என்றாலே ஆகாது என்று அம்மா ஒதுங்கிக்கொண்டாள். அக்காவைக் கோவைக்கு வரவழைத்தேன். "நல்லா இருக்கறவள எதுக்குக் கண்ணு புடிச்சுக் குத்த உடறே?" என்று சிரித்துக்கொண்டேதான் கையை நீட்டினாள். உண்மையிலேயே அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

மறுநாள் ரிப்போர்ட் என் போனுக்கு வந்தது. தைராய்டு என்ற தலைப்பின் கீழ் நான்கு வரிகள். டி.எஸ்.எச்., டி3, டி4 மூன்றும் நார்மல். நான்காவது வரி ஆன்டிபாடி. அது மட்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் 'ஹை' என்று அச்சாகியிருந்தது. இருக்க வேண்டிய அளவைவிடப் பல மடங்கு.

பரீட்சை எழுதியே வளர்ந்தவன் நான். விடைத்தாளில் சிவப்பு மையில் சுழித்த இடத்துக்குத்தான் கண் முதலில் போகும். மூன்று வரி நார்மல் என்பதை விட்டுவிட்டு, அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டேன். இன்டர்நெட்டில் தேடினேன். உடம்பே தன் தைராய்டு சுரப்பியைத் தாக்குகிற நோய் என்று வந்தது. போதாதா? அன்று மதியமே அக்காவுக்கு போன் செய்தேன்.

"அக்கா, உனக்குத் தைராய்டு இருக்குது."

தறிச் சத்தம் தள்ளிப் போனது; அக்கா போனோடு வாசலுக்கு வந்துவிட்டாள் போல. பிறகு, "பெரிய வியாதியா கண்ணு? பாப்பா இப்பத்தான் ரெண்டாவது படிக்கறா" என்றாள்.

"நான் பாத்துக்கறேன், நீ பயப்படாதே" என்றேன். எனக்கே புல்லரித்தது.

என் ரூமுக்குக் கீழே இருந்த மருந்துக்கடையில் போய் நின்றேன். ஆபீஸில் ஒருவர் சாப்பிடுகிற தைராய்டு மாத்திரையின் பெயரைக் கேட்டு வைத்திருந்தேன். கடைக்காரர், "டாக்டர் சீட்டு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். "ரெகுலரா எடுக்கறதுதாங்க, சீட்டு ஊர்ல இருக்குது" என்று கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து சொன்னேன். அடையாள அட்டையும் கழுத்தில் தொங்கியது. கொடுத்துவிட்டார்.

மாத்திரை மட்டுமா? கம்மங்கூழ் கூடாது, முட்டைக்கோஸ் கூடாது என்று ஒரு பட்டியலும் போட்டுக் கொடுத்தேன். மாமாதான், "மாப்ள, எங்க ஊட்டுச் சோத்துலயும் கைய வெச்சுப்போட்டீங்களே!" என்று கேலி செய்தார். அக்காவோ நான் சொன்னபடியே தினமும் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தறிக்குப் போனாள்.

ஒரு மாதம் கழித்து, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, தூக்கம் பிடிக்கவில்லை, சும்மா இருந்தாலும் வேர்க்கிறது என்றாள். அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். நோய் முற்றுகிறது என்று நினைத்தேன். அடுத்த முறை இரண்டு மடங்கு அளவுள்ள மாத்திரையை வாங்கிக்கொண்டு போனேன்.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை மாமா போன் செய்தார். "மாப்ள, உங்கக்கா தறிக்கூடத்துல உக்காந்துட்டாளாமா. கை நடுங்குதாமா. நான் லோடு ஏத்திட்டுச் சேலம் தாண்டிட்டேன். செத்த போயிப் பாருங்க."

பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அக்கா கூடத்து வாசலில் நூல் மூட்டை மேல் சாய்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். கூட வேலை செய்கிற அம்மா ஒருவர் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். "ஏனுங் தம்பி, கண்ணை மூடிட்டு நூல் முடிச்சுப் போடற அம்மணிங்க இது. இன்னைக்கு ஒத்தை இழையோட மல்லுக்கட்டிட்டு நிக்குது. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சுங்க" என்றார்.

அக்காவின் கையைப் பிடித்தேன். தறியின் அதிர்வு இன்னும் உள்ளே ஓடிக்கொண்டிருப்பது போல விரல்கள் நடுங்கின.

பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப் போனேன். என்னைவிட நாலைந்து வயது மூத்த லேடி டாக்டர். நாடி பார்த்தார், இ.சி.ஜி. எடுத்தார், ரத்தமும் எடுக்கச் சொன்னார். பிறகு, "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டார். அக்கா மடியில் முடிந்து வைத்திருந்த அட்டையை எடுத்து நீட்டினாள்.

"இது யார் எழுதிக் கொடுத்ததுங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "நானாத்தான் கடையில வாங்குனனுங்க. பக்கத்தூட்டுக்காரம்மா போடறாங்கன்னு."

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் அக்கா. எனக்காகப் பொய் சொல்லிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்தில் எனக்கு ஏற்பட்ட கூச்சத்தை எழுதிக் காட்ட முடியாது. "இல்லீங்க மேடம், நான்தான்" என்று பழைய ரிப்போர்ட்டைப் போனில் எடுத்துக் கொடுத்தேன்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "அக்கா, உங்க தைராய்டு நல்லாத்தான் வேலை செஞ்சுட்டிருந்துச்சு. இந்த மூணு வரியும் அதைத்தான் சொல்லுது. நாலாவது வரி, பின்னாடி ஒரு காலத்துல பிரச்சனை வந்தாலும் வரலாம்கறதுக்கு ஒரு அடையாளம். நிறையப் பேருக்கு இது இருக்கும், ஒண்ணுமே ஆகாம கடைசி வரைக்கும் இருந்துருவாங்க. வருஷத்துக்கு ஒருதடவை பாத்துக்கிட்டாப் போதும். இன்னொரு குழந்தை வேணும்னா முன்னாடியே வந்து சொல்லுங்க. இந்தப் படபடப்பு வியாதி இல்லை, மாத்திரை. போதுமான அளவு சுரந்துட்டு இருந்ததுக்கு மேல நீங்க வேற ஊத்தியிருக்கீங்க. இப்படியே போயிருந்தா இதயத் துடிப்பே தாறுமாறா ஆகியிருக்கும்."

பிறகு என் போனைத் திருப்பி, ரிப்போர்ட்டின் கடைசியில் இருந்த பொடி எழுத்து வரியைக் காட்டினார். மருத்துவரின் ஆலோசனையோடு மட்டுமே இதைப் புரிந்துகொள்ளவும் என்று இங்கிலீஷில் இருந்தது. வீட்டில் யாருக்கும் புரியாது என்று அத்தனை காகிதத்தையும் படித்தவன், அந்த ஒரு வரியைப் படிக்கவில்லை. "பயந்துதான செஞ்சீங்க? விடுங்க" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மாத்திரையை நிறுத்தியதும் படபடப்பு மெல்ல மெல்ல அடங்கியது. இரண்டு மாதத்தில் டி.எஸ்.எச். பழையபடி நார்மலுக்கு வந்துவிட்டது. அக்காவின் கை நடுக்கமும் நின்றது. நடந்ததை மாமாவிடம் அவள் இன்று வரை சொல்லவில்லை. "டாக்டர் மாத்திரை வேண்டாம்னுட்டாங்க, நீங்க கம்மங்கூழ் குடிங்க" என்று மட்டும் சொன்னாளாம்.

போன வருடம் மறுபடியும் பரிசோதனை செய்தோம். மூன்று வரி நார்மல். நான்காவது வரி அதே தடித்த எழுத்தில், அதே 'ஹை'. அக்கா எப்போதும் போல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்ன கண்ணு போட்டிருக்குது?" என்று கேட்டாள். என்னிடம் கேட்பதை அவள் நிறுத்திவிடுவாள் என்றுதான் நான் பயந்திருந்தேன்.

"போன தடவை மாதிரிதான் போட்டிருக்குது. ஆனா எனக்கு இது தெரியாதுக்கா. டாக்டரைக் கேட்டுப்போட்டுச் சொல்றேன்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பரவால்லியே, என்ற தம்பி இப்பத்தான் நல்லாப் படிச்சிருக்கறான்" என்று சிரித்தாள்.

'எனக்குத் தெரியாது' என்ற வார்த்தையை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஊருக்குப் போய் டிவிக்குப் பின்னால் கையை விட்டுக் காகிதத்தை எடுக்கும்போதெல்லாம், இழையைப் பிடிக்க முடியாமல் நடுங்கிய அந்த விரல்கள்தான் அதை எனக்கு நினைவுபடுத்துகின்றன.