பதினாலு பேருக்கு மேல் இல்லை

முத்துப்பேச்சி எப்படிப்பட்டவள் என்று தெரிய வேண்டுமானால் ஜீப் டிரைவர் உக்கிரபாண்டியைத்தான் கேட்க வேண்டும். அவர் அவளுக்குச் சொந்தமில்லை. ஆனால் பதினோரு வருஷம் அவளை மலைக்கு ஏற்றி இறக்கியவர்.

ராசிங்காபுரத்தில் பிறந்து, போடிக்கு மேற்கே மலையடிவாரத்து முந்தலில் வாக்கப்பட்டவள். 1973இல் புருஷன் மொக்கையன் கிணறு வெட்டப் போன இடத்தில் இடுப்பு முறிந்து படுத்துவிட்டதால், இருபது வயதில் ஏலத்தோட்ட வேலைக்குக் கிளம்பினாள். போடிமெட்டு ரோட்டில் மூன்றாவது வளைவிலேயே குடலைப் புரட்டும். கண்ணை மூடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வாள். உக்கிரபாண்டி அவளுக்கு ‘வாந்தி’ என்றே பேர் வைத்துவிட்டார். நெருங்கி உட்காரச் சொன்னால் நெருங்குவாள், இறங்கி நிற்கச் சொன்னால் நிற்பாள். ஆறு வருஷத்தில் அவரிடம் அவள் பேசிய வார்த்தைகளை எண்ணிவிடலாம்.

அந்த ஜீப்பில் இருபது, இருபத்திரண்டு பேர் போவார்கள். இடம் கிடைக்காதவர்கள் பின்படியில் தொங்குவார்கள்.

1979 ஐப்பசியில் ஒரு மழைக் காலை. முத்துப்பேச்சி தலைசுற்றி நிற்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கருத்தம்மாள் தன் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் படியில் ஏறிக்கொண்டாள். மேலே ஒரு வளைவில் ஜீப் சேற்றில் வழுக்கி, பின்பக்கம் பாறையில் இடித்தது. கருத்தம்மாளின் வலது கால் நடுவில் சிக்கிக்கொண்டது. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை வந்தவள் முத்துப்பேச்சிதான். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கருத்தம்மாள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதைத்தான் முத்துப்பேச்சியால் தாங்க முடியவில்லை. பத்து நாள் வீட்டிலேயே கிடந்தாள். பதினோராம் நாள் ஜீப் பக்கத்தில் போய் நின்றாள். ஏறவில்லை. உள்ளே இருந்தவர்களை எண்ணினாள்.

“அண்ணே, பதினாலு பேருதேன் ஒழுங்கா உக்கார முடியும். அதுக்கு மேல ஏத்தாதீக.”

உக்கிரபாண்டி சிரித்தார். “ஏறுனா ஏறு. இல்லாட்டி நடந்து வா.”

நடந்தாள். முந்தலிலிருந்து காட்டுக்குள் ஏறும் பழைய ஒற்றையடிப் பாதையில் தோட்டம் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. பிந்தி வந்தவளுக்கு இன்று வேலையில்லை என்று கங்காணி பெரியகருப்பன் திருப்பி அனுப்பினார். மறுநாள் முன்னதாகவே புறப்பட்டு, நேரத்துக்குப் போய் நின்றாள். அட்டை கடித்த கால்களில் ரத்தம் வழிந்தது. தனியாக நடக்கப் பயமாகத்தான் இருந்ததாம். படியில் ஒருத்தி தொங்க, தான் உள்ளே உட்கார்ந்து போவது அதைவிடப் பயமாக இருந்தது என்று பின்னால் சொல்லியிருக்கிறாள்.

நாலாம் நாள், அதே ஜீப்பில் போய்வந்த சந்திரவல்லி அவளோடு சேர்ந்துகொண்டாள். அடுத்த வாரம் ஏழு பேர். மாசக் கடைசியில் பத்தொன்பது பெண்கள் அந்தப் பாதையில் ஏறினார்கள். காய் எடுப்பு மும்முரமாக இருந்த நேரம். நடந்து களைத்தவர்களால் பழையபடி காய் எடுக்க முடியவில்லை. தோட்டத்துக்காரர் கங்காணியைச் சத்தம் போட்டார். கடைசியில் ஜீப் ரெண்டு ட்ரிப் அடிப்பது என்று முடிவானது.

முத்துப்பேச்சி அதோடு நிற்கவில்லை. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கும் வேலை கருத்தம்மாளுக்கு வேண்டுமென்று ரெண்டு மாசம் விடாமல் கேட்டு வாங்கிக் கொடுத்தாள்.

இதெல்லாம் பெரிய காரியம் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. 1984இல் ஒரு நாள்தான் தெரிந்தது. அன்றைக்கும் மழை. ரோட்டில் மண் சரிந்துவிடும், ஒரே ட்ரிப்பில் எல்லாரையும் ஏற்று என்று பெரியகருப்பன் அவசரப்படுத்தினார். பதினெட்டுப் பேர் ஏறிவிட்டார்கள். உக்கிரபாண்டி என்ஜினை நிறுத்தினார்.

“முத்துப்பேச்சி சொல்லட்டும். எடுக்குறேன்.”

வண்டி உன்னுடையதா அவளுடையதா என்று கங்காணி கேட்டார்.

“வண்டி என்னுதுதேன்,” என்றார் உக்கிரபாண்டி. “மொத ஆறு வருசம் இந்தப் பிள்ளை வாயே தொறக்கலண்ணே. தொறக்க விடாம வச்சிருந்தது நாந்தேன். அன்னைக்கே இது பேசியிருந்தா, நானும் கேட்டிருந்தா, கருத்தம்மா காலு போயிருக்காது. இப்ப இது ஒரு பேச்சுச் சொன்னா மலையே நிக்கிது. இது எண்ணாம நான் சாவியத் தொட மாட்டேன்.”

முத்துப்பேச்சி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சொல்லும் அந்தப் பொம்பளை தான்தான் என்பது அவள் மனதுக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு மூன்று பேரை இறக்கிவிட்டு, நாலாவதாகத் தானும் இறங்கினாள்.

“நீங்க போங்கண்ணே. நாங்க அடுத்த ட்ரிப்புல வர்றோம்.”

ஜீப் போனது. மழை விடவில்லை. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றவள், எதிர்ப்பக்கம் பக்கத்துத் தோட்டத்து ஜீப்பில் ஆட்கள் பிதுங்க ஏறுவதைக் கவனித்தாள். பின்படியில் மூன்று பெண்கள். அந்த டிரைவர் அவளுக்குப் பழக்கமில்லை. ரோட்டைக் கடந்து அவரிடம் பேசப் போனாள்.