பப்பாளி மாமா வீடு மாறுகிறார்

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். எல்லோருக்கும் அவர் பப்பாளி. குழாய் ரிப்பேர் வேலை. வயிறு சரியில்லையா, பப்பாளிப் பழம் என்பார். கறி வேகவில்லையா, ஒரு துண்டு பப்பாளிக் காய் போடு என்பார். ஒருமுறை ஒரு அம்மா போனில் "அடைப்பு" என்று சொல்லி வாய் மூடவில்லை, "தினமும் பப்பாளி சாப்பிடுங்க" என்றுவிட்டார்.

"யோவ், அடைப்பு எனக்கில்ல, சமையல்கட்டுக் குழாய்க்கு!"

இவ்வளவு பேசுகிறவர் சொந்த மரத்துப் பழம் ஒன்றைக்கூட ருசித்ததில்லை. குடிபோகிற வீட்டிலெல்லாம் பின்பக்கம் விதை போடுவார். செடி இடுப்பளவு வருவதற்குள் அவருக்கு உள்ளங்காலில் எறும்பு ஊறும். எங்கேயோ தண்ணீர் சொட்டுகிறது, தூக்கமே இல்லை என்று வேறு வீடு பார்த்துவிடுவார். சாமான் ஏற்றுவது என் வண்டியில்தான். அக்காவின் கட்டில் பார்த்த தெருக்களைத் தபால்காரர்கூடப் பார்த்திருக்க மாட்டார். அக்காவுக்கு இருந்தது ஒரே ஆசை. நட்ட மரத்திலிருந்து ஒரு பழம்.

இப்போது இருக்கிற வீட்டில் மாமா ஏணியிலிருந்து விழுந்தார். அவர் காலுக்கு மாசக்கணக்கில் மாவுக்கட்டு, மரத்துக்கு யோகம். காய்த்துத் தள்ளிவிட்டது.

கட்டு பிரித்த கையோடு வேறு வீடு பார்த்தார். நான் கட்டிலை ஏற்றிவிட்டேன். அக்கா மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"மஞ்சக் கோடு விழுந்திருக்கு. பழுத்தப்புறம்தான் வருவேன்."

"காயாவே பறிச்சுக்கலாம்டி. கறியில போட்டா பஞ்சா வெந்திரும்."

"கறி அடங்கக் காய் போதும். நீங்க அடங்கப் பழம்தான் வேணும்."

மாமா மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். தரை தேய்ந்து கிணறாகாததுதான் பாக்கி. நிமிஷத்துக்கொரு தடவை காயை நகத்தால் கீறினார்.

"மாமா, பால் கறக்க அது என்ன மாடா?"

"சும்மா இருடா மச்சான். எனக்கு இருப்புக் கொள்ளல."

ரெண்டு நாள். அதுவரை ஊரார் சாமானோடு அக்கா கட்டிலும் என் வண்டியில் ஊர் சுற்றியது.

பழம் மஞ்சளானது. அக்கா அறுத்தாள். முதல் துண்டை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். மாமாவும் தின்றார். அடுத்த துண்டுக்கும் கை நீட்டினார். பிறகு வழக்கம்போல விதைகளைப் பேப்பரில் மடித்தார், அடுத்த வீட்டுக்கு.

அக்கா மரத்தை அண்ணாந்து பார்த்தாள். "மேல இருக்கிறத எல்லாம் யாரு திம்பா?"

மாமா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குடிவந்த நாள் முதல் சொட்டிக்கொண்டிருந்த குளியலறைக் குழாயைக் கழற்றினார். காலி பண்ணப்போகிற வீட்டுக்கு எதற்கு என்று எந்த வீட்டுக் குழாயையும் அவர் தொட்டதில்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "மச்சான், அந்தக் கட்டில..."

"தெரியுது மாமா. இறக்கித் தொலைக்கிறேன்."